சால்கோஜனைடு கண்ணாடியில் படிகம் வளரும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக இந்தத் துறைக்கு வரும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களும், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டிவிடி எப்படி வேலை செய்கிறது என்று யதேச்சையாக விசாரித்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில்தான் விஷயம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

சால்கோஜனைடு கண்ணாடி என்றால் என்ன? ஜன்னல் கண்ணாடி மாதிரியா?

கண்ணாடிதான், ஆனால் ஜன்னல் கண்ணாடி இல்லை. ஜன்னலில் இருப்பது முக்கியமாகச் சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிய வலை. தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே கந்தகம், செலீனியம், டெல்லூரியம் என்று மூன்று தனிமங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆக்சிஜனுக்குப் பதிலாக இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆர்சனிக், ஜெர்மேனியம், ஆன்டிமனி போன்றவற்றோடு சேர்த்து உருக்கி, சட்டென்று குளிரவைத்தால் கிடைப்பது சால்கோஜனைடு கண்ணாடி. பல வகைகள் கறுப்பாக, உலோகம் போலப் பளபளப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு, அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும். அதனால்தான் வெப்பக் கேமராக்களின் லென்ஸ்களுக்கு இவை பயன்படுகின்றன.

இந்தக் குடும்பத்தில் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் உண்டு: அரிதாரம். இன்று அந்தச் சொல் மேடை ஒப்பனையையே குறிக்கிறது. ஆனால் அரிதாரம் என்பது உண்மையில் மண்ணிலிருந்து கிடைக்கும் மஞ்சள் கனிமம், ஆர்சனிக் 2, கந்தகம் 3 என்ற விகிதத்தில் சேர்ந்த படிகம். அதே விகிதத்தில் இரண்டையும் உருக்கிக் குளிரவைத்தால் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஒளிரும் கண்ணாடி கிடைக்கிறது. இரண்டிலும் அணுக்கள் ஒன்றேதான், அவை அடுக்கப்பட்ட ஒழுங்கு மட்டும் வேறு. இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசப்போவது அந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

கண்ணாடி ஏன் படிகமாக மாற வேண்டும்? இருக்கிறபடியே இருந்தால் என்ன?

எந்தத் திரவமும் உருகுநிலைக்குக் கீழே போனதும் படிகமாகவே விரும்பும், ஏனென்றால் படிகத்தின் ஆற்றல் குறைவு. ஆனால் ஒவ்வொரு அணுவும் தன் இடத்தைத் தேடிப் போய் உட்கார நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் குளிரவைத்தால் திரவம் பிசுபிசுத்து, இறுகி, கடைசியில் அணுக்கள் நகரவே முடியாத நிலைக்கு வந்துவிடும். அதுதான் கண்ணாடி. ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்புக்குப் பாகுநிலை என்று பெயர். தண்ணீரின் பாகுநிலை 0.001 பாஸ்கல்-விநாடி. திரவம் இப்படி இறுகிக் கண்ணாடியாகும் வெப்பநிலையைக் கண்ணாடி மாறு வெப்பநிலை என்பார்கள்; அங்கே திரவத்தின் பாகுநிலை சுமார் ஒரு லட்சம் கோடி பாஸ்கல்-விநாடி. அவ்வளவு கெட்டிப்பில் ஓர் அணு எங்கே போகும்?

ஆக, கண்ணாடி படிகமாக மறுத்துவிடவில்லை. காத்திருக்கிறது. அது எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதுதான் இந்தத் துறையின் ஒரே பெரிய கேள்வி. லென்ஸ் செய்பவருக்கு அது என்றென்றும் காத்திருக்க வேண்டும். நினைவகச் சில்லு செய்பவருக்கோ பத்தாண்டு அசையாமல் இருந்துவிட்டு, கேட்ட நொடியில், அதாவது நொடியின் பத்துக் கோடியில் சில பங்கு நேரத்தில், மாறிவிட வேண்டும்.

கருவாக்கம், வளர்ச்சி என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்களே, ஏன்?

கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காய்ச்சிய பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைப்பார்கள். கட்டி நூலில்தான் பிடிக்கும். நூல் இனிப்பு எதையும் தருவதில்லை. முதல் சில மூலக்கூறுகள் சேர்ந்து உட்கார ஓர் இடத்தைத் தருகிறது, அவ்வளவுதான். முதல் கூட்டம் உட்காருவது கருவாக்கம். அதன் மேல் அடுத்தடுத்து வந்து ஒட்டுவது வளர்ச்சி.

முதல் கூட்டம் உட்காருவதுதான் கஷ்டம். பத்து இருபது அணுக்கள் படிக ஒழுங்கில் சேர்ந்தால் உள்ளே ஆற்றல் மிச்சமாகிறது. ஆனால் அந்தச் சிறு உருண்டையைச் சுற்றிலும் ஒரு மேற்பரப்பு உண்டாகிறது, அதற்கு ஆற்றல் செலவாகிறது. உருண்டை சிறியதாக இருக்கும்வரை செலவே அதிகம், அதனால் கரைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டுமே நிலைத்து வளரும். தூசி, கொள்கலனின் சுவர், கீறல், குமிழி என்று எது இருந்தாலும் இந்தச் செலவு குறைகிறது, கற்கண்டு நூலைப் போல.

இரண்டும் ஒரே வெப்பநிலையில் உச்சத்தைத் தொடுவதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மானிய வேதியியலாளர் குஸ்தாவ் தம்மன் இதைத் தெளிவாகக் காட்டினார். கருவாக்க வேகம் தாழ்ந்த வெப்பநிலையில், கண்ணாடி மாறு வெப்பநிலைக்குச் சற்று மேலே உச்சமடையும். வளர்ச்சி வேகம் அதைவிட உயர்ந்த வெப்பநிலையில் உச்சமடையும். இரண்டு மேடுகளும் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவுக்கு அந்தப் பொருளைக் கண்ணாடியாக்குவது சுலபம். குளிரும்போது முதலில் வளர்ச்சி மேட்டைக் கடப்போம், அப்போது வளர்வதற்குக் கரு இருக்காது. பிறகு கருவாக்க மேட்டுக்கு வரும்போது வளர்வதற்கு வேகம் இருக்காது.

இதை ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள். நான் எவ்வளவு சொன்னாலும் அந்த இரண்டு மேடுகளைக் கையால் வரையும்போது கிடைக்கும் தெளிவு வராது.

படிகம் வளரும் வேகத்தை எது தீர்மானிக்கிறது?

இரண்டு சக்திகள் எதிரெதிராக இழுக்கின்றன. உருகுநிலையிலிருந்து கீழே போகப் போக, படிகமாகும் உந்துதல் கூடுகிறது. அதே சமயம் பாகுநிலை ஏறுவதால் அணுக்களின் நடமாட்டம் குறைகிறது. உருகுநிலையிலேயே உந்துதல் பூஜ்யம், வேகமும் பூஜ்யம். ரொம்பக் கீழே நடமாட்டம் பூஜ்யம், அங்கேயும் வேகம் பூஜ்யம். நடுவில் ஓர் உச்சம்.

பழைய பாடப்புத்தகக் கணக்குப்படி, பாகுநிலை பத்து மடங்கு ஏறினால் வளர்ச்சி வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அதிக வெப்பநிலையில் இது சரியாகவே வரும். ஆனால் கண்ணாடி மாறு வெப்பநிலையை நெருங்க நெருங்க, கணக்கு சொல்வதைவிடப் படிகம் வேகமாக வளர்கிறது. திரவம் ஒட்டுமொத்தமாக ஓட முடியாத நிலையிலும், படிகத்தின் முகப்பில் இருக்கும் அணுக்கள் சின்னச் சின்னதாக நகர்ந்து இடம் பிடித்துவிடுகின்றன. 2008இல் எடிகர், ஹாரோவெல், யூ மூவரும் பல திரவங்களின் அளவீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, வேகம் பாகுநிலையின் தலைகீழாக அல்ல, அதைவிட மென்மையான ஓர் அடுக்காக மாறுகிறது என்று காட்டினார்கள். வெப்பநிலை குறையக் குறைய எந்தத் திரவத்தில் பாகுநிலை அதிரடியாக ஏறுகிறதோ, அதில் இந்த விலகலும் அதிகம். சால்கோஜனைடுகளில் வேலை செய்பவர்களுக்கு இது வெறும் தத்துவம் இல்லை. பாகுநிலையை மட்டும் அளந்துவிட்டு வளர்ச்சியைக் கணக்கிட்டால் ஆயுள் கணிப்பு பல மடங்கு தவறிப்போகும்.

செலீனியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் என்ன விசேஷம்?

ஒரே தனிமம் கண்ணாடியாவது அபூர்வம். செலீனியம் ஆகும். நீளச் சங்கிலிகளும் எட்டு அணு வளையங்களும் குழம்பிக் கிடப்பதுதான் செலீனியக் கண்ணாடி. அந்தச் சங்கிலிகள் சுருள் ஏணி போல முறுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று இணையாக அடுக்கினால் சாம்பல் நிறப் படிகம். படிகத்தின் உருகுநிலை 221 டிகிரி செல்சியஸ். கண்ணாடி மாறு வெப்பநிலையோ 40 டிகிரியை ஒட்டி இருக்கிறது.

40 டிகிரி என்றால் வேலூர்க் கத்திரி வெயில். ஒரு மே மாதம், குளிர்சாதனம் ஓடாத அறையில், ஜன்னல் ஓரமாக ஒரு செலீனியப் படலத்தை மறந்து வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது ஒரே சீராக இருந்த பரப்பில் சாம்பல் புள்ளிகள் பூத்திருந்தன. உருப்பெருக்கியில் ஒவ்வொரு புள்ளியும் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் ஊசிகள் விரிந்த வட்டமாகத் தெரிந்தது. படலம் வீண்தான், ஆனால் படிகம் வளர்வதை அன்றுதான் உண்மையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

செலீனியத்தின் வரலாறும் இதோடு பின்னியது. நாம் 'ஜெராக்ஸ்' என்று சொல்லும் நகலெடுப்பு, 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரத்தால் அலுவலகங்களுக்குள் நுழைந்தது. அதன் உருளைமேல் பூசியிருந்தது கண்ணாடி நிலைச் செலீனியம். இருட்டில் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும், ஒளி பட்ட இடத்தில் விட்டுவிடும். படிகமாகிவிட்ட இடத்தில் இருட்டிலும் மின்னூட்டம் நிற்காது, நகலில் புள்ளி விழும். இன்று மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே கருவிகள் சிலவற்றில் சுமார் 200 மைக்ரோமீட்டர் தடிமனில் அதே செலீனியம் இருக்கிறது. அங்கே படிகமானால் படத்தில் கறை. அதனால் 0.2 முதல் 0.5 சதவீதம்வரை ஆர்சனிக் சேர்த்து அதைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இவ்வளவு குறைவான ஆர்சனிக் எப்படிப் படிகமாவதைத் தடுக்கிறது?

குலாப் ஜாமூன் பாகு பூத்துப் போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுவார்கள் அல்லவா? சர்க்கரை மூலக்கூறுகள் சில உடைந்து வேறு வடிவத்துக்கு மாறுவதால், அடுக்கில் ஒழுங்காக உட்கார வரும் மற்றவற்றுக்கு அவை இடைஞ்சலாகின்றன. ஆர்சனிக்கின் வேலையும் ஏறக்குறைய அதுதான். செலீனியம் இரண்டு பக்கம் மட்டுமே கைகோக்கும். ஆர்சனிக்குக்கு மூன்று கை, ஜெர்மேனியத்துக்கு நான்கு. அவை நுழைந்த இடத்தில் சங்கிலி கிளைவிட்டு அடுத்த சங்கிலியோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. முடிச்சுப் போட்ட சங்கிலியைச் சீராக அடுக்க முடியாது. டெல்லூரியம் சேர்த்தாலோ நேர் எதிர்: அதற்கும் இரண்டு கைதான், பிணைப்பும் தளர்ந்தது, படிகமாதல் வேகமாகும்.

கைகளின் சராசரி எண்ணிக்கையை வைத்து ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 1979இல் ஜே.சி. பிலிப்ஸ் தொடங்கி, பிறகு தோர்ப் விரித்த கோட்பாடு இது. சராசரி 2.4 ஆகும்போது வலை தளர்வாகவும் இல்லாமல் இறுக்கமாகவும் இல்லாமல் சரியான பதத்தில் இருக்கும், கண்ணாடியாவது அங்கேதான் சுலபம். நம் அரிதாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆர்சனிக்குக்கு ஆறு கை, மூன்று கந்தகத்துக்கு ஆறு கை, மொத்தம் பன்னிரண்டு. ஐந்தால் வகுத்தால் மிகச் சரியாக 2.4. அந்தக் கண்ணாடியை ஆய்வகத்தில் சாதாரணமாகச் சூடேற்றிப் படிகமாக்க முயன்றவர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெப்ப அளவி வரைபடத்தில் படிகச் சிகரமே எழும்பாது.

இந்த இடத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை மறக்கக் கூடாது. அசோகன், பிரசாத், பார்த்தசாரதி, இ.எஸ்.ஆர். கோபால் ஆகியோர் 1989இல் இந்த வகைக் கண்ணாடிகளில் இயந்திர வாசல், வேதி வாசல் என்று இரண்டு தனித்தனி வாசல்கள், அதாவது கலவையின் விகிதத்தை மாற்றும்போது பண்புகள் திடீரெனத் திசைமாறும் புள்ளிகள், இருப்பதைப் பரிசோதனையில் காட்டினார்கள். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் வேலை அது. நம் மாணவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

துண்டாக இருக்கும் கண்ணாடியும் மெல்லிய படலமும் ஒரே மாதிரிதானே படிகமாகும்?

இல்லை. அதிகமானோர் தடுமாறும் இடம் இது, நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பிறப்பே வேறு. துண்டுக் கண்ணாடி திரவமாக இருந்து உறைந்தது. படலமோ வெற்றிடத்தில் ஆவியாக வந்து, குளிர்ந்த பரப்பில் அணு அணுவாக, விழுந்த இடத்திலேயே உறைந்தது. அது திரவமாக இருந்ததே இல்லை. அதனால் துண்டில் பார்க்காத தவறான பிணைப்புகள் படலத்தில் நிறைய இருக்கும். ஆவியாக்கும்போது சட்டியில் இருந்த விகிதமும் அப்படியே படலத்துக்கு வராது, எளிதில் ஆவியாகும் தனிமம் முந்திக்கொள்ளும். ஆகவே, எந்த விகிதத்தில் எடை போட்டீர்கள் என்பதை நம்பாமல், படிந்த படலத்தின் விகிதத்தை அளந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு மனம் சலிக்கிறது.

இரண்டாவது, படலம் என்றாலே பெரும்பாலும் மேற்பரப்புதான். மேற்பரப்பு அணுவுக்கு ஒரு பக்கம் காலி, உள்ளே இருப்பதைவிடச் சுலபமாக நகரும். செலீனியத்தில் மேற்பரப்பிலுள்ள படிகங்கள் உள்ளே இருப்பவற்றைவிட விரைவாக வளர்கின்றன. காற்று பட்டு ஆக்சைடு உண்டானால் அதுவே கருவாகலாம். ஜெர்மேனியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த படலத்தைத் திறந்தபடி விட்டால், மூடிவைத்ததைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே படிகமாகிவிடும். திரும்ப எழுதும் டிவிடி வட்டுகளில் இந்தப் படலத்துக்கு மேலும் கீழும் துத்தநாக சல்ஃபைடும் சிலிக்காவும் கலந்த பூச்சு கொடுப்பதற்கு ஒளியியல் காரணங்களோடு இந்தக் காரணமும் உண்டு.

மூன்றாவது, இறுக்கம். படிகத்தின் அடர்த்தி அதிகம். மேலே சொன்ன மூன்று தனிமக் கலவை படிகமாகும்போது பருமன் 6 சதவீதம் போலச் சுருங்குகிறது. துண்டு சுருங்கினால் சுருங்கிக்கொள்ளும். கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருக்கும் படலம் எங்கே போகும்? இழுவிசையில் தவிக்கும், வெடிக்கும், சில சமயம் உரிந்து வரும்.

நான்காவது, தடிமன். பத்து நானோமீட்டருக்கும் கீழே போனால் பல கலவைகளில் படிகமாகும் வெப்பநிலை ஏறத் தொடங்குகிறது. மேலும் கீழும் இருக்கும் அடுக்குகள் எவை என்பதைப் பொறுத்து இது மாறும்.

ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்?

சுலபமான வழி வெப்ப அளவி. மாதிரியை நிமிடத்துக்கு 10 டிகிரி என்று சீராகச் சூடேற்றி, எப்போது வெப்பத்தை வெளிவிடுகிறது என்று பார்ப்பது. படிகமாகும்போது ஒரு சிகரம் எழும்பும். டி.எஸ்.சி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

கஷ்டமான, ஆனால் நேர்மையான வழி உருப்பெருக்கி. ஒரு வெப்பநிலையைத் தேர்ந்து, அதில் குறிப்பிட்ட நேரம் வைத்து, வெளியே எடுத்துப் படிகத்தின் நீளத்தை அளந்து, மறுபடி உள்ளே வைத்து, மறுபடி அளப்பது. நேரத்துக்கு எதிரே நீளத்தைக் குறித்தால் நேர்கோடு வர வேண்டும். கோட்டின் சரிவுதான் வளர்ச்சி வேகம். நேர்கோடு என்றால் முகப்பில் அணு ஒட்டுவதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கோடு வளைந்து தளர்ந்தால், வளரும் படிகத்துக்கும் சுற்றியிருக்கும் கண்ணாடிக்கும் கலவை வேறு, தூரத்திலிருந்து அணுக்கள் ஊர்ந்து வர வேண்டியிருக்கிறது என்று பொருள். செக் நாட்டின் பர்துபிட்சே பல்கலைக்கழகத்தில் யிர்ஷி மாலெக் குழுவினர் செலீனியத்திலும், ஜெர்மேனியம்–ஆன்டிமனி–கந்தகக் கண்ணாடிகளிலும் இப்படிப் பொறுமையாக அளந்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடி கறுப்பாக இருந்தாலும் அகச்சிவப்பு உருப்பெருக்கியில் உள்ளே வளர்வது தெரியும். அதே மாதிரியின் பாகுநிலையையும் அளந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் அவர்கள் வேலையின் பலம்.

படலத்துக்கு மின்தடையைக் கண்காணிப்பது இன்னொரு வழி. படிகமாகும்போது தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் சரியும். எக்ஸ்ரே விளிம்பு விளைவு எந்தப் படிகம் என்று சொல்லும். மின்னணு உருப்பெருக்கியில் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: பார்க்கும் மின்னணுக் கற்றையே படிகமாக்கிவிடலாம்.

டி.எஸ்.சி. சிகரத்திலிருந்து கிளர்வு ஆற்றல் கண்டுபிடித்துவிட்டேன். போதுமா?

போதாது. இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். (கிளர்வு ஆற்றல் என்பது படிகமாவதற்கு அணுக்கள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை.)

1957இல் ஹோமர் கிஸிஞ்சர் தந்த முறை எளியது. நாலைந்து வேகங்களில் சூடேற்று, சிகரம் எந்த வெப்பநிலைக்கு நகர்கிறது என்று பார், மடக்கைக் கணக்குப் போட்டு ஒரு நேர்கோடு வரை, அதன் சரிவிலிருந்து ஒரே ஓர் எண்ணை எடு. அந்த எண்ணில் கருவாக்கமும் வளர்ச்சியும் கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. நிமிடத்துக்கு 5, 10, 15, 20 டிகிரி என்ற குறுகிய எல்லையில் எதை வரைந்தாலும் நேர்கோடு மாதிரிதான் தெரியும்.

இதற்கு நல்ல சாட்சி 2012இல் வந்தது. கேம்பிரிட்ஜில் ஓராவா, கிரீர் குழுவினர் ஜெர்மேனியம்–ஆன்டிமனி–டெல்லூரிய நினைவகக் கலவையை விநாடிக்கு 40,000 டிகிரிவரை வேகமாகச் சூடேற்றும் நுண்ணிய டி.எஸ்.சி.யில் அளந்தார்கள். மெதுவான வேகங்களில் நேராகத் தெரிந்த கோடு, அதிவேகத்தில் தெளிவாக வளைந்துவிட்டது. அப்படியென்றால் கிளர்வு ஆற்றல் ஒரே எண் அல்ல, வெப்பநிலைக்கு ஏற்ப மாறுகிறது. மெதுவாக அளந்த எண்ணை வைத்து நினைவகச் சில்லின் வேகத்தைக் கணித்தால் முற்றிலும் தப்பான விடை வரும்.

எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பகுதி படிகமாகும் என்று சொல்லும் அவ்ராமி சமன்பாட்டுக்கும் இதே எச்சரிக்கை. 1937 முதல் 1941 வரையான காலத்தில் கோல்மகோரோவ், ஜான்சன், மெல், அவ்ராமி ஆகியோர் உருவாக்கியது அது. கருக்கள் பொருள் முழுக்க ஒழுங்கின்றித் தூவப்பட்டிருக்கின்றன என்று அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் மாதிரி பொடியாக இருந்து, ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலிருந்தும் படிகம் உள்நோக்கி வளர்ந்தால் அந்தச் சமன்பாட்டின் அடித்தளமே இல்லை. சோதிக்க எளிய வழி இருக்கிறது. நைசான பொடியையும் கொரகொரப்பான பொடியையும் தனித்தனியாக ஓட்டுங்கள். நைசான பொடியின் சிகரம் முன்னாலேயே வந்தால், மேற்பரப்புதான் தொடக்கம். அப்புறம் இரண்டையும் பாதியில் நிறுத்தி உருப்பெருக்கியில் பாருங்கள். அரை நாள் வேலை, ஒரு வருடக் குழப்பம் மிச்சம்.

டிவிடியில் எழுதி அழிப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அதே படிக வளர்ச்சிதான், லேசர் சூட்டில் நடக்கிறது. திரும்ப எழுதும் வட்டுக்குள் சில பத்து நானோமீட்டர் தடிமனில் ஒரு சால்கோஜனைடு படலம் இருக்கிறது. தொடக்கத்தில் அது முழுக்கப் படிகம், ஒளியை நன்றாகப் பிரதிபலிக்கும். எழுத, லேசர் ஒரு புள்ளியை 600 டிகிரிக்கும் மேல் சூடாக்கி உருக்கிவிட்டுச் சட்டென்று அணையும். புள்ளி விநாடிக்கு நூறு கோடி டிகிரி அளவிலான வேகத்தில் குளிர்ந்து கண்ணாடியாகிறது, பிரதிபலிப்பு குறைகிறது. அழிக்க, லேசர் மிதமாகச் சுடும். உருகாது, ஆனால் படிகம் வளரும் உச்ச வேகத்துக்கு வரும்.

இதற்கு ஏற்ற கலவைகளை 1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனத்தின் நொபோரு யமடா குழுவினர் கண்டறிந்தார்கள். ஜெர்மேனியம் 2, ஆன்டிமனி 2, டெல்லூரியம் 5 என்ற விகிதம் அவற்றில் புகழ்பெற்றது. அதில் படிகமாக 50 நானோவிநாடி போதும். கண்ணாடி நிலையிலிருந்து அது முதலில் தாவுவது உப்புக்கல் போன்ற கனசதுர அடுக்குக்கு. ஒரு வரிசையில் டெல்லூரியம், மறு வரிசையில் ஜெர்மேனியமும் ஆன்டிமனியும், ஐந்தில் ஒரு இடம் காலி. எளிய அடுக்கு என்பதால் அணுக்கள் தொலைதூரம் போக வேண்டாம், பக்கத்தில் நகர்ந்தால் போதும். வேகத்தின் ரகசியத்தில் பெரிய பங்கு இதற்கு உண்டு.

வட்டுக் கலவைகள் இரண்டு குணம் கொண்டவை. மேலே சொன்னதில் அழிக்கும்போது புள்ளிக்குள்ளேயே ஏராளமான கருக்கள் பிறக்கும். வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்ததில், அதாவது சிடி-ஆர்டபிள்யூ வட்டுகளில் பயன்பட்டதில், கரு அவ்வளவாகப் பிறக்காது. சுற்றியிருக்கும் படிகம் ஓரத்திலிருந்து உள்ளே வளர்ந்து மூடும். அதனால் புள்ளி சிறிதாகச் சிறிதாக அழியும் நேரமும் குறையும்.

நினைவகச் சில்லுகளிலும் இதுதானா?

ஆமாம், லேசருக்குப் பதில் மின்துடிப்பு. கதை பழையது. 1955இல் லெனின்கிராதின் யோஃபே நிறுவனத்தில் நீனா கோரியுனோவா, போரிஸ் கொலோமியெட்ஸ் இருவரும் இந்தக் கண்ணாடிகள் குறைக்கடத்திகள் என்று கண்டார்கள். 1968இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஓவ்ஷின்ஸ்கி, ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டியதும் கண்ணாடிப் படலம் திடீரென மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவதை வெளியிட்டார். கல்லூரிப் பட்டம் இல்லாத, இயந்திரத் தொழிலாளியாகத் தொடங்கிய மனிதர். அந்தத் திடீர்த் திறப்பு இல்லையென்றால் மின்தடை அதிகமான கண்ணாடியைச் சிறிய மின்னழுத்தத்தில் சூடாக்கவே முடியாது, நினைவகமும் இல்லை.

இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன காத்திருப்பு மலைக்க வைக்கிறது. சில்லுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் நிபந்தனை, 85 டிகிரியில் 10 ஆண்டு தகவல் அழியக் கூடாது. அதே பொருள் 400 டிகிரியில் 50 நானோவிநாடியில் படிகமாக வேண்டும். இரண்டு நேரத்துக்கும் இடையிலான விகிதம் ஆறுக்குப் பின்னால் 15 பூஜ்யம். வெப்பநிலை வித்தியாசமோ முந்நூறு டிகிரி சொச்சம். கேம்பிரிட்ஜ் அளவீட்டின்படி அந்த உச்ச வெப்பநிலையில் படிக முகப்பு விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் ஓடுகிறது, கிட்டத்தட்ட நாம் மெதுவாக ஓடும் வேகம். பாகுநிலை வெப்பநிலையோடு அவ்வளவு செங்குத்தாக மாறுவதால்தான் ஒரே பொருள் இரண்டையும் செய்ய முடிகிறது.

2017இல் சீனாவில் ஆன்டிமனி–டெல்லூரியத்தில் சிறிது ஸ்கேண்டியம் சேர்த்து, எழுதும் நேரத்தை 700 பிக்கோவிநாடிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கேண்டியம்–டெல்லூரியம் பிணைப்பு வலுவானது. சூட்டிலும் கலையாமல் நின்று கருவுக்கு அடித்தளம் ஆகிறது. கற்கண்டு நூலேதான்.

சூடு இல்லாமல் வெளிச்சம் மட்டும் பட்டால் படிகமாகுமா?

செலீனியத்தில் ஆகும். ஒளி பிணைப்புகளை உடைத்துத் தளர்த்துவதால் வளர்ச்சி வேகம் கூடுகிறது. மாதிரிகளை இருட்டில், குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது.

செய்வது ஆபத்தா?

கவனமில்லாவிட்டால் ஆபத்து. தனிமங்களைக் குவார்ட்ஸ் குழாயில் இட்டு, காற்றை உறிஞ்சி, மூடி, உலையில் ஆட்டி ஆட்டி உருக்குவார்கள். கந்தகம் 444.6 டிகிரியிலேயே கொதிக்கும். அவசரப்பட்டு வேகமாகச் சூடேற்றினால் ஆவி அழுத்தத்தில் குழாய் வெடிக்கும், உள்ளே இருக்கும் ஆர்சனிக் அறை முழுக்கப் பரவும். நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி, நடுவில் சில மணி நேரம் நிறுத்தம், இதில் சமரசம் வேண்டாம். கண்ணாடியைத் தேய்க்கும்போதும் உடைக்கும்போதும் முகக்கவசமும் காற்றுப்போக்கியும் கட்டாயம். டெல்லூரியம் உடம்புக்குள் போனால் மூச்சில் நாள்கணக்கில் பூண்டு வாடை வரும். அந்த வாடை வந்தால் உங்கள் ஆய்வகத்தில் எங்கோ தவறு நடக்கிறது.

ஆய்வகம் இல்லாமல் இதை வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். பழைய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டு ஒன்று பரணில் கிடக்கும். பாதி மட்டும் எழுதியதாக இருந்தால் நல்லது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். எழுதிய உள்வட்டத்துக்கும் எழுதாத வெளிவட்டத்துக்கும் நிறத்தில் லேசான வித்தியாசம் ஒரு கோடு போட்டது போலத் தெரியும். வெளியே இருப்பது முழுக்கப் படிகம். உள்ளே இருப்பது படிகத்தின் நடுவே கோடிக்கணக்கான கண்ணாடிப் புள்ளிகள், பத்து பதினைந்து வருடமாகப் பரண் சூட்டிலும் படிகமாகாமல் காத்திருப்பவை.